படுவான்கரையின் 12 வோல்ட்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் 1980ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த எங்கள் வயதுக்காரருக்கு மின்சாரம் என்றால் 12 வோல்ட்தான். 230 வோல்ட் வீட்டுக்குள் வந்தது பிறகு, மிகவும் பிறகு. கொக்கட்டிச்சோலை, முனைக்காடு, முதலைக்குடா, அரசடித்தீவு, பண்டாரியாவெளி என்று எந்த ஊரை எடுத்தாலும் இரவுக்குக் குப்பி விளக்கும் ஜாம் போத்தல் விளக்கும்தான். வாவிக்கு அங்கால் எழுவான்கரையில் வெளிச்சம் தெரியும். துறையடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

யுத்த காலத்தில் பசளையிலிருந்து டோர்ச் பற்றரி வரைக்கும் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. செத்துப்போன டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு இரவுக்கு உயிர் எடுப்பார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்பார்கள். அது 6 வோல்ட். வசதி உள்ள வீட்டில் உழவு மெசினின் பற்றரி ஒன்று மூலையில் இருக்கும். இரவில் அந்த வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடுவார்கள், பிபிசி தமிழோசை கேட்பதற்கும் வெரித்தாஸ் வானொலி கேட்பதற்கும். பற்றரி இறங்கிவிட்டால் அதை லான்ட்மாஸ்டர் மெசினில் பூட்டி ஏற்ற வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். இல்லையென்றால் சாக்கில் கட்டி, மண்முனைத் துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏற்றி, சோதனைச்சாவடியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அங்கால் கொண்டுபோக வேண்டும். ஒரு பற்றரி பெரிய சொத்து. அதை ஒருவர் வீணாக இறக்கிவிட்டால் வீட்டில் சண்டையே வரும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இந்த 12 வோல்ட்டை அறிந்தவர் என்றால் அது என் மாமா, அம்மாவின் தம்பி. இளவயதில் அரிசி ஆலைகளில் இயந்திர வேலை பழகியவர். 1991 ஜூன் 12 அன்று மகிழடித்தீவில் அரிசி ஆலைக்குள் உயிருக்குப் பயந்து ஒதுங்கிய சனம் படுகொலை செய்யப்பட்டதை இந்தக் கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு மாமா எந்த ஆலைக்குள்ளும் வேலைக்குப் போகவில்லை. வீட்டுப் பின்பக்கத்தில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு பற்றரி, டைனமோ, மோட்டார் சைக்கிள் வயறிங் என்று இருந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான். அவருடைய ஆயுதம் ஒன்றே ஒன்று. மோட்டார் சைக்கிளின் சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு நீள வயர்களைப் பற்றவைத்து, நுனிகளில் தையல் ஊசி கட்டியிருப்பார். மீற்றர் வாங்கும் வசதி வந்த பிறகும் அந்தப் பல்பை அவர் கைவிடவில்லை. ஏன் கைவிடவில்லை என்பதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது 2022இல்தான்.

அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. அம்மாவுக்குத் தொய்வு. காலையும் இரவும் நெபுலைசர் வைக்கச் சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் இருந்தது கரண்டில் ஓடும் நெபுலைசர். அதற்காகவே மட்டக்களப்பு டவுனில் 150 வாட் இன்வேட்டர் ஒன்று வாங்கி வந்தேன். எங்கள் வானில் சிகரட் பற்றவைக்கும் சொக்கட்டில் அதைச் செருகினால் 12 வோல்ட்டை 230 ஆக்கித் தரும். அம்மாவை முன் சீட்டில் சாய்த்து வைத்து, மருந்தை ஊற்றி, முகமூடியைப் பிடித்துக்கொண்டால் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வான் ஜப்பானில் ஓடி வந்தது. எங்களிடம் வருவதற்கு முன் கடற்கரைப் பக்கத்தில் கொஞ்சக்காலம் ஓடியது.

சிகரட் பற்றவைக்க என்று உருவான அந்தச் சின்னத் துளைதான் இன்று உலகத்து வாகனங்கள் பலவற்றிலும் போன் சார்ஜருக்கும் டயருக்குக் காற்றடிக்கும் பம்புக்கும் வாசல். அடியில் நடுவே இருக்கும் பொட்டு பிளஸ், சுற்றுச் சுவர் மைனஸ். அவ்வளவுதான் அதன் அமைப்பு. அவ்வளவு எளிமையான ஒன்று ஒருநாள் இரவு செத்துப்போனது.

கரண்ட் போய் நேரமாகியிருந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. இன்வேட்டரைச் செருகினேன், பச்சை வெளிச்சம் வரவில்லை. போன் சார்ஜரைச் செருகினேன், அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பார்த்துவிட்டு, "பியூஸ் போயிருக்கும் அண்ணன், சிகரட் பெட்டித் தாள் இருந்தா சுத்திப் போடுவம், இப்ப வேல செய்யும்" என்றான். உதவி செய்ய வந்த பிள்ளை. அந்த நேரத்தில் நானும் தாளைத் தேடியிருப்பேனோ என்னவோ, மாமா வந்துவிட்டார். மகள் போய்க் கூட்டி வந்திருந்தாள்.

மாமா வானைப் பார்க்கவே இல்லை. தன் வீட்டுச் சூரிய ஒளித் தகட்டோடு பூட்டியிருந்த பற்றரியைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூடவே, பற்றரி முனைகளைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கிளிப்போடு ஒரு தனிச் சொக்கட். "முதல்ல அக்காக்கு மருந்து. மறுகாத்தான் வண்டி" என்றார். இன்வேட்டரை அதில் செருகியதும் பச்சை வெளிச்சம் வந்தது. நெபுலைசர் இரைந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மருந்துப் புகையை இழுத்தா. மூச்சு மெல்ல இறங்கிய பிறகு மாமா சொன்னார்: "இன்வேட்டர்ல பிழையில்ல, அதிட வயர்லயும் பிழையில்ல. பிழை வண்டிக்குள்ளதான் கிடக்கு. விடியட்டும் மனே."

வைத்தியமும் சோதனையும் ஒரே செய்கையில் முடிந்திருந்தன. அவர் எப்போதும் அப்படித்தான். பழுது பார்ப்பது என்பது கழற்றுவதில் தொடங்குவதில்லை, எது நல்லாயிருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி வைப்பதில் தொடங்குகிறது. உங்கள் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அதை வேறொரு வாகனத்தில் செருகிப் பாருங்கள். அங்கும் செத்துக் கிடந்தால் வாகனத்தைத் தொடவே தேவையில்லை. சில செருகிகளின் நுனியைத் திருகிக் கழற்றினால் உள்ளே கண்ணாடிப் பியூஸ் ஒன்று இருக்கும், அதையும் பார்க்கலாம்.

காலையில் வேப்பமரத்தடியில் வானின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். மாமா கேட்ட முதல் கேள்வி, "றேடியோ பாடுதா?" சாவியை ஒரு படி திருப்பினேன், பாடியது. "அப்ப சாவில பிழையில்ல" என்றார். பல வண்டிகளில் சாவியை அந்த முதல் படிக்குத் திருப்பினால்தான் சொக்கட்டுக்கு மின்சாரம் வரும். அதே படியில்தான் றேடியோவும் உயிர்பெறும். றேடியோ பாடுகிறது என்றால் பற்றரியிலிருந்து சாவி வரைக்கும் வழி சரி. ஒரு கருவியும் எடுக்காமல் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டார்.

நான் சின்ன வயதிலிருந்து அவர் வாயில் கேட்ட பேச்சொன்று உண்டு. அன்றும் சொன்னார்: "வயலுக்குத் தண்ணி வரல்லெண்டா வரம்புல நிண்டு என்ன செய்யிற? வாய்க்கால் வழிய நடந்து பாக்கணும். எங்க வரைக்கும் தண்ணி வந்திருக்கு, எங்க நிண்டிருக்கு எண்டு." உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்த மனிசனுக்கு மின்சாரத்தை வேறெப்படிச் சொல்லத் தோன்றும்? எந்தக் கல்லூரியும் இதைவிடத் தெளிவாக மின்சுற்றைக் கற்றுத்தராது என்று நான் நம்புகிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே பியூஸ் பெட்டி. மூடியில் எழுதியிருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. எங்கள் நாட்டில் ஓடும் ஜப்பான் வாகனங்கள் பலவற்றில் இதே கதைதான். எந்தப் பியூஸ் எதற்கு என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. மாமாவுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. பல்பின் ஒரு வயரை வண்டியின் இரும்பில் பிடித்தார், மற்ற ஊசியால் ஒவ்வொரு பியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு சிறு உலோகப் பொட்டுகளைத் தொட்டுக்கொண்டே போனார். இரண்டு பொட்டிலும் பல்ப் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் அது வெடித்தது. நீல நிறப் பியூஸ் ஒன்றில் ஒரு பக்கம்தான் எரிந்தது. நீலம் 15 அம்பியர். சிவப்பு 10, மஞ்சள் 20, பச்சை 30. தட்டைப் பியூஸ்களில் நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும். பிடுங்கி வெயிலில் பிடித்துக் காட்டினார், உள்ளே இருக்கும் மெல்லிய பாலம் உருகிக் கருகியிருந்தது.

எனக்கு அப்போதே வேலை முடிந்த மாதிரித்தான். பெட்டி மூடிக்குள் உபரியாக நீலப் பியூஸ் ஒன்று செருகியிருந்தது, எடுத்து நீட்டினேன். மாமா வாங்கவில்லை. "இது ஏன் வெடிச்சதெண்டு கேக்காம புதிசப் போட்டா அதுவும் வெடிக்கும். இப்ப கடைல பியூஸ் கிடைக்குமா மனே?" உண்மைதான். உதிரிப்பாகம் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொன்ன காலம் அது. பிறகு அவர் செய்ததுதான் நான் கற்ற மிகப் பெரிய பாடம். பியூஸ் இருந்த இடத்தின் இரண்டு பிளவிலும் பல்பின் இரண்டு ஊசிகளையும் செருகினார். சொக்கட்டில் எதுவும் இல்லை, வெறுமையாக இருக்கிறது. ஆனால் பல்ப் எரிந்தது.

யாரும் குடிக்காத தண்ணீர் எங்கேயோ ஓடுகிறது, அவ்வளவுதான் பொருள். பிளஸ் வயர் எங்கோ நேராக மைனஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பியூஸ் போட்டிருந்தால் அந்த நொடியே வெடித்திருக்கும். தாள் சுற்றியிருந்தால் வெடிக்காது, வயர் சுடும், ரப்பர் உருகும், டாஷ்போர்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நெருப்புப் பிடிக்கும். முன் சீட்டில் அம்மா முகமூடியோடு சாய்ந்திருக்கும் நேரத்தில். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பல்பின் நல்ல குணம் என்னவென்றால், அது சோர்ட்டாகிக் கிடக்கும் வழியிலும் தன் அளவுக்கு மேல் மின்சாரத்தை விடாது. பியூஸை வீணாக்காமல், வயரைச் சுடவிடாமல், பிழை இருக்கும் வரை எரிந்துகொண்டு காவல் இருக்கும். பிழை தீர்ந்ததும் தானாக அணையும். மாமா பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுச் சொக்கட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். அடியில் ஏதோ மினுங்கியது. காய்ந்த வேப்பங்குச்சியின் நுனியில் பிசின் டேப்பைத் திருப்பிச் சுற்றி உள்ளே விட்டு ஒட்டி எடுத்தார். ஒரு ரூபாய்க் குத்தி. மகள் தான்தோன்றீச்சரர் கோயிலுக்கென்று சேர்த்து வைத்த சில்லறையில் ஒன்று, வானில் போகும்போது உருண்டு விழுந்திருக்கிறது. நடுப் பொட்டுக்கும் சுவருக்கும் இடையில் போய்ப் படுத்துவிட்டது. மைனஸைத் திரும்பப் பூட்டியபோது பல்ப் எரியவில்லை. நீலப் பியூஸைப் போட்டோம், நின்றது.

மூடியில்லாத சொக்கட்டுள்ள வண்டிகளில் இப்படிக் குத்தி விழுவது மிகச் சாதாரணம். இதை எடுக்க ஸ்குரூடிரைவரையோ கத்தியையோ விடாதீர்கள். பற்றரியைக் கழற்றாமல் இரும்பை உள்ளே விட்டால் குத்தி செய்த வேலையை நீங்களே செய்வீர்கள்.

ஆனால் இன்வேட்டர் அப்போதும் உயிர்பெறவில்லை. பச்சை வெளிச்சம் ஒரு கணம் மின்னி அணைந்தது. ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதுதான் முழுப் பிழையும் என்று மனம் நம்பிவிடுகிறது. ஒரே இடத்தில் இரண்டு பழுது இருக்கலாம் என்பதை வாகனம் பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். என்னிடம் மீற்றர் இருந்தது, வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மீற்றரின்படி சொக்கட் சுகமாக இருந்தது.

மாமா மீற்றரைத் தள்ளி வைத்துவிட்டு பல்பை எடுத்தார். நடுப் பொட்டுக்கும் கதவடி இரும்புக்கும் பிடித்தார், வெள்ளையாக எரிந்தது. நடுப் பொட்டுக்கும் சொக்கட்டின் சுவருக்கும் பிடித்தார், சிவந்து மங்கிக் கிடந்தது. "கண்டதா? பிளஸ் வருது. திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு." மீற்றர் மின்சாரத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஒரு நூலளவு தொடர்பு இருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்ப் மின்சாரத்தை எடுத்துச் செலவழிக்கிறது, வேலை வாங்கிப் பார்க்கிறது. அதனால் நலிந்த தொடர்பு பல்புக்கு முன்னால் மறைந்து நிற்க முடியாது. இத்தனை வருசமாக அவர் அதை ஏன் பையில் வைத்திருந்தார் என்பதற்கு இதுதான் காரணம்.

கியர் பக்கத்துப் பிளாஸ்டிக் பலகையைக் கிளிப் உடையாமல் மெதுவாக இழுத்தெடுத்தோம். சொக்கட்டின் பின்னால் இரண்டு வயர். மைனஸ் வயரின் முனை பச்சையாகப் பாசி பிடித்த மாதிரிப் பூத்துப்போயிருந்தது. கடற்கரையில் ஓடிய வண்டி, பிறகு வாவிக்கரையில் நிற்கும் வண்டி. உப்புக் காற்று செம்பைத் தின்னும் நிறம் அதுதான். சேண்ட் பேப்பரால் தேய்த்து, முனையைக் குறடால் கொஞ்சம் நெருக்கி, மேலே வஸ்லின் பூசிப் பூட்டினார். பல்ப் இரண்டு பக்கமும் ஒரே வெள்ளையாக எரிந்தது. இன்வேட்டர் நின்று எரிந்தது.

அன்றைக்குப் பின்னேரம் மாமா கணக்குப் பார்த்தார், கரித்துண்டால் சீமெந்துத் தரையில் எழுதி. நெபுலைசர் 100 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். இன்வேட்டர் தின்னும் பங்கையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து ஏறக்குறைய 11 அம்பியர் போகும். கால் மணித்தியாலத்துக்கு 3 அம்பியர் மணிக்கும் குறைவு. பற்றரி 45 அம்பியர் மணி. ஆகவே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலேயே அம்மாவுக்கு மருந்து வைக்கலாம், அடுத்த நாள் வண்டி ஸ்டார்ட்டும் ஆகும். பெற்றோலுக்கு வரிசையில் நாட்கணக்கில் நின்ற காலத்தில் இந்தக் கணக்கு எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி முடியாது. ஜூலைக்குப் பிறகு கியூஆர் முறையில் வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று வந்தபோதும் எஞ்சினை ஓடவிட்டு மருந்து வைக்கும் வசதி எங்களுக்கு இருக்கவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. "15 அம்பியர் வயர்ல ஒவ்வொரு நாளும் 11 அம்பியர் இழுக்கிறது நல்லதில்ல" என்று சொல்லி, பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து தடித்த வயரில் தனி வழி ஒன்று எடுத்து, இன்னொரு சொக்கட் பூட்டித் தந்தார். அதன் பியூஸைச் சொக்கட்டுக்குப் பக்கத்தில் போடாமல் பற்றரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் போட்டார். பியூஸ் காப்பது இன்வேட்டரை அல்ல, வயரை. வயர் நடுவில் எங்காவது உரசி வெட்டுப்பட்டாலும் அந்த இடத்துக்கு முன்னால் பியூஸ் நிற்க வேண்டும். பியூஸ் சொக்கட் பக்கத்தில் இருந்தால் அதற்கு முந்திய வயர் முழுவதும் காவல் இல்லாமல் கிடக்கும். இந்த ஒரு விசயத்தைத் தெரியாமல் செய்யப்பட்ட வயறிங்கைப் பல வாகனங்களில் இன்றைக்கும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது.

அந்தச் சொக்கட் அம்மாவுக்கு மட்டும் உதவவில்லை. மின்வெட்டு மாதங்களில் பக்கத்து வீட்டுப் போன்களெல்லாம் எங்கள் வானில்தான் உயிர் எடுத்தன. அந்த ஆண்டு மே மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை நடந்தது. அதற்குப் படித்த பிள்ளைகளுக்கு வானிலிருந்து வயர் இழுத்து முற்றத்தில் எல்ஈடி விளக்குப் போட்டுக் கொடுத்தோம். யுத்த காலத்தில் ஒரு பற்றரியைச் சுற்றி முற்றத்தில் சனம் கூடியது போலத்தான். பிள்ளைகளுக்கு அது புதுமை. எனக்கும் மாமாவுக்கும் அது பழகிய இருட்டு, பழகிய வெளிச்சம்.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பாதைக்குக் காத்திருக்கும் காலம் போனது. வீட்டுக்கு வீடு கரண்ட் இருக்கிறது. வண்டி பழுதென்றால் டவுனுக்குக் கொண்டுபோகலாம். நல்லதுதான், யாரும் அந்தப் பழைய நாட்கள் திரும்பி வரவேண்டும் என்று விரும்பமாட்டார்கள். ஆனால் கரண்ட் இல்லாமல் இருந்த வருசங்களில் எங்கள் ஆட்கள் கையால் படித்த அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாமல், அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒரு சொக்கட்டைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நெபுலைசர் தேவைப்படும் ஆள் வீட்டில் இருக்கிறவர்களுக்கும், வான் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியின் பியூஸ் பெட்டி எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். ஒவ்வொரு பியூஸும் எதற்கென்று தெரிந்தவரைக் கேட்டு, தமிழில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். மாமா எங்கள் வானுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அதே அளவில் இரண்டு உபரிப் பியூஸும், வயர் பூட்டிய ஒரு சிக்னல் பல்பும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். வெடித்த பியூஸில் தாள் சுற்றித் தருகிறேன் என்றோ, 15க்குப் பதிலாக 30 போட்டால் வெடிக்காது என்றோ யார் சொன்னாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.